தேங்காய் போன வழி

வெள்ளி, ஜெலுத்தோங்

ரயில் பட்டர்வொர்த் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. படகில் ஏறிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கரையைத் தொடுவதற்குள்ளேயே தைப்பூசம் கண்ணில் பட்டுவிட்டது. மஞ்சள் வேட்டி கட்டிய இளைஞர்கள், புதிதாக முடியிறக்கிய சிறுவன், சிறிய வேல் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் கிடத்தியிருந்த ஓர் அம்மாள். பாலத்தில் வந்தால் விரைவாக வந்துவிடலாம் என்பார்கள். இந்த மூன்று நாளும் அது நடக்காது.

சின்னம்மா வீட்டில் தங்கல். எழுபதைத் தாண்டியவர். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன்மேல் கால் வைக்கிறேன், பொறுத்துக்கொள் தாயே" என்று சொன்ன பிறகுதான் பாதம் பதிப்பார். சிறு வயதில் அதைப் பார்த்துத்தான் எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. அதே சின்னம்மா இன்று மாலை வாசலில் சிமெண்டு இடுக்கில் முளைத்த புல்லுக்குக் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். "பூசத்துக்கு நாலு பேர் வருவார்கள், வீடு காடாய்க் கிடக்கிறதே" என்றார். தேநீர் இன்னும் வரவில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

பினாங்குத் தைப்பூசத்துக்கு நான் புதியவள் அல்ல. கூட்டத்தோடு மலையேறி, கும்பிட்டு, பந்தலில் சாப்பிட்டு, கிள்ளானுக்குத் திரும்பியிருக்கிறேன். இந்த முறை வேறு ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறேன். உடைத்த தேங்காய், வாடிய மாலை, பந்தலில் குடித்துவிட்டுப் போட்ட குவளை எல்லாம் எங்கே போகின்றன? போகிற இடம் வரை நானும் போகப் பார்க்கிறேன். "குப்பைக்குப் பாதயாத்திரையா?" என்று சின்னம்மா சிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இப்படித்தான் நேரம் போகும் என்று தம்பியிடம் சொன்னதும் காதில் விழுந்தது.

சனி, பினாங்கு வீதி

விடியும் முன்பே, ரதம் புறப்படும் செட்டியார்களின் கோவில் வீட்டின் முன் கூட்டம் நெரிந்தது. செட்டியார்களின் வெள்ளி ரதத்தை மாடுகள் இழுக்கின்றன. முருகன் அதில் எழுந்தருளித் தண்ணீர்மலை அடிவாரத்தில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகிறார். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. குயின் வீதியில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலிருந்து அது வேலைத் தாங்கிப் புறப்படுகிறது. இரண்டு ரதமா, ஒரு ரதமா என்று இங்கே பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

ரதம் வரும் வழியெங்கும் தேங்காய்க் குவியல். சீனக் கடைகளின் முன்னும் இடுப்பளவு குவித்து, மேலே ஊதுபத்தி செருகியிருந்தார்கள். ரதம் நெருங்கியதும் குடும்பமே இறங்கி வந்து உடைத்தது. தாத்தா முதலில், பேரன் கடைசியில். எட்டு வயதுப் பேரனுக்கு உடைக்க வராமல் தேங்காய் துள்ளி ஓடியது. பக்கத்தில் நின்ற தமிழ்க்காரர் ஒருவர் அதை எடுத்து, கண் இருக்கும் பக்கம் மேலே வரும்படி பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுமொழி மலாய்.

இதைப் பார்க்கப் பிடிக்காது என்று சொன்னால் பொய். பிடிக்காதது அரை மணி நேரம் கழித்து வருவது. இளநீரும் பாலும் தாரில் வழிந்து, வெயில் ஏற ஏறப் புளித்த வாடை கிளம்பும். வெறுங்காலோடு வரும் பக்தர்களுக்கு ஓடு குத்தும் என்பதால் மாநகர் மன்றத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு தயாராக நிற்கிறார்கள். பின்னாலேயே மண் அள்ளும் இயந்திரம். ஒரே அள்ளலில் தேங்காய், ஊதுபத்தி, அட்டைப்பெட்டி, நெகிழிப் பை, யாரோ விட்டுப்போன செருப்பு எல்லாம் லோரிக்குள் விழுகின்றன. அந்த நொடி வரை அது காணிக்கை.

ஊரில் சிதறுகாய் உடைத்தால் பொறுக்கப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அடித்துப்பிடித்துக்கொண்டு பொறுக்கிக் கடித்துக்கொண்டே ஓடுவார்கள். உடைப்பவரின் வேண்டுதல், பொறுக்குபவரின் பசி இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சடங்கு. இங்கே பொறுக்குவதற்கு இயந்திரம் வந்துவிட்டதால் இரண்டாவது பாதி கழன்றுபோய்விட்டது. ஆணவத்தை உடைப்பதற்கு அடையாளமாகத் தேங்காய் உடைக்கிறோம் என்று மேடைகளில் விளக்கம் சொல்கிறார்கள். ஒரு தேங்காயில் உடையாத ஆணவம் நூறு தேங்காயில் உடையும் என்று எனக்குத் தோன்றவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பவர்கள் உண்டு, கோபப்படுபவர்கள் அதைவிட அதிகம்.

இயந்திரத்துக்கு முன்னால் பொறுக்கிய மனிதர் ஒருவரையும் பார்த்தேன். கையில் கோணிச் சாக்கு, இடுப்பில் சிறு கத்தி. மூடியாக நிற்கும் துண்டுகளை மட்டும் எடுத்தார், ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்தார். அக்கரையில், பெருநிலத்தில் மாடு வைத்திருக்கிறாராம். "எல்லாம் மாட்டுக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இவ்வளவையும் கொடுத்தால் கழிச்சல் கண்டுவிடும் அம்மா, எண்ணெய்ப் பண்டம் அல்லவா? கொஞ்சம் மாட்டுக்கு. மீதியைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் ஆட்டுவேன்" என்றார். மூன்று சாக்கு நிறைந்ததும் போய்விட்டார். அவரைப் போல இன்னும் முப்பது பேர் வந்திருக்கலாம்.

ஞாயிறு, தண்ணீர்மலை

காலை நான்கு மணிக்கே படியேறினேன். 2012-இல் மலைமேல் கட்டி முடித்த பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். முழங்கால் எண்ணிக்கொண்டே வந்தது. காவடிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

ஊர் மக்கள் இதைத் தண்ணீர்மலை என்று அழைப்பதற்குக் காரணமான அருவி பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனின் குடிநீர் அதிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அந்தத் தண்ணீரைத்தான் ஏற்றிக்கொண்டு போயின. அதன் கீழேதான் 1884-இல் தாவரவியல் தோட்டத்தை அமைத்தார்கள். இன்று பினாங்கு குடிப்பது பெரும்பாலும் மூடா ஆற்று நீரை. அதன் ஊற்றுக்கண் கெடா மாநிலத்துக் காட்டில் இருக்கிறது. ஆகவே பந்தலில் ஒரு குவளை மோர் குடித்தவர் கெடாக் காட்டுக்கும் கும்பிடு போட்டிருக்க வேண்டும்.

பந்தல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டுச் சத்தத்தை மறந்துவிட்டால் தைப்பூசத்தின் ஆகச் சிறந்த பகுதி அவைதான். தெரியாத மனிதருக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கக் கூவிக் கூவி அழைக்கிறார்கள். பிரச்சினை, கொடுத்ததைத் தாங்கும் பாத்திரம். ஒரு பந்தலில் எவர்சில்வர் குவளைகள். பின்னால் மூன்று பெண்கள் உட்கார்ந்து கழுவிக்கொண்டே இருந்தார்கள். கை ஊறி வெளுத்திருந்தது. "காகிதக் குவளை வாங்க நாதி இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் அக்கா" என்றாள் ஒருத்தி. அடுத்த பந்தலில் காகிதக் குவளைகளின் மலை. உள்ளே மெழுகோ நெகிழியோ பூசியது, மட்காது. பால்குடம் எடுத்தவர்கள் காலி செய்த பால் பெட்டிகள் சாக்கடை ஓரத்தில் தனியாகக் குவிந்திருந்தன. கறந்த பாலுக்குப் பெட்டி இல்லை என்று புலம்பிப் பயனில்லை. பெட்டியைத் தட்டையாக மடக்கித் திரும்ப எடுத்துப் போகலாமே.

திங்கள், மீண்டும் ஜெலுத்தோங்

பொது விடுமுறை. இரவு ரதங்கள் திரும்புகின்றன. தெருக்கள் இதற்குள் துலக்கமாகிவிட்டன என்பதைச் சொல்லியாக வேண்டும். பினாங்குக்காரர்கள் இதில் மற்ற மாநிலங்களுக்கு அண்ணன்மார். நெகிழிப் பை வேண்டாம் என்று 2009-இல் திங்கட்கிழமைகளில் தொடங்கினார்கள். 2011 முதல் எல்லா நாளும் பைக்குக் காசு. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பது 2016-இல் வந்தது. சின்னம்மா வீட்டில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே குப்பை இருப்பது குடும்ப ரகசியம்.

சின்னம்மாவின் சீனத் தோழி ஒருவர் என்னைத் தம் வேலையிடத்துக்குக் கூட்டிப்போனார். வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. தைவானில் 1966-இல் தொடங்கிய பௌத்த அமைப்பான சூ சியின் மறுசுழற்சி மையம். அதை நிறுவிய பிக்குணி செங் யென் 1990-இல் ஒரு சொற்பொழிவின்போது, எனக்குக் கைதட்டும் அந்தக் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அதிலிருந்து பிடித்துக்கொண்ட வேலை. தாழ்ந்த முக்காலிகளில் பாட்டிமார் உட்கார்ந்திருந்தார்கள். புட்டியின் மூடி ஒரு கூடை, கழுத்து வளையம் ஒரு கூடை, சுற்றியிருக்கும் தாள் ஒரு கூடை. வளையத்தைக் கழற்ற ஒரு குட்டிக் கத்தரி. நானும் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று நினைத்தால், யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி நான் விட்டுவிட்ட வளையங்களைத் திரும்ப எடுத்துக் கழற்றி, புன்னகையோடு என் முன் வைத்தார். முப்பது ஆண்டு மாணவர்களின் நோட்டைத் திருத்தியவளுக்கு அது புது அனுபவம்.

ஒரு கேள்வி மனத்தில் நிற்கிறது. அவர்கள் கோயிலில் செய்ய வேண்டியதைக் குப்பை மேட்டில் செய்கிறார்கள். நமக்குக் கோயிலுக்குள் இருக்கும்வரை எல்லாம் புனிதம். சாமிக்குச் சாத்திய மாலையை மிதிக்கக் கூடாது, காலில் படக் கூடாது, மரத்தடியிலோ ஓடும் தண்ணீரிலோ சேர்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுத்தார்கள். பூமிக்குத் திருப்பிக் கொடுக்கும் கடைசிப் படி அது. அந்தப் படியை நாம் குப்பை லோரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம். அவருக்குத் தட்சணையும் கொடுப்பதில்லை.

செவ்வாய், நிபோங் திபால்

இன்று நீளம் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் குப்பை பத்து மாவுங்கில் சேர்ந்து கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகிறது. தம்பியின் காரில் நாங்கள் 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தில் போனோம். 24 கிலோமீட்டர். கீழே மீன் வளர்க்கும் மிதவைகள். அக்கரையில் தெற்கே இறங்கினால் பூலாவ் பூரோங் குப்பை நிலம். உள்ளே விடமாட்டார்கள், விட வேண்டிய அவசியமும் இல்லை. தட்டையான செம்பனைக் காட்டுக்கும் கடலோரச் சதுப்புக்கும் நடுவில் மனிதன் எழுப்பிய குன்று தூரத்திலிருந்தே தெரிகிறது. மேலே கொக்குகள். வாசலில் வரிசையாக லோரிகள். காற்று திரும்பியபோது சனிக்கிழமை பினாங்கு வீதியில் அடித்த அதே புளித்த வாடை, இன்னும் கனமாக. 2022 ஜனவரியில் இங்கே தீப்பிடித்துச் சுற்று வட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது. இவ்வளவு ஈரமான குப்பை எப்படி எரியும் என்று தம்பி கேட்டான். மூடிப் புதைந்த உணவுக் கழிவு காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. எரிவதற்கு அது போதும். நாம் உடைத்த தேங்காயும் அதற்குத் தன் பங்கைக் கொடுக்கிறது.

பக்கத்துக் குடியிருப்பில் சின்னம்மாவின் தோட்டத்துத் தோழி இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்தவர். பசியாறச் சொல்லி இட்லி வைத்தார். நான் எனக்குத் தெரிந்த பல்லவியைத் தொடங்கினேன்: அந்தக் காலத்தில் தோட்டத்து வீட்டில் குப்பையே கிடையாது, பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் தேங்காய் நாரும், வாழையிலை மாட்டுக்கு, பழைய சேலை தூளிக்கு. அவர் முடிக்க விடவில்லை.

"எறிய என்ன இருந்தது, எறிவதற்கு? இருந்திருந்தால் நாங்களும் எறிந்திருப்போம். அதைப் பக்தி என்று சொல்லாதே அம்மா."

இட்லி தொண்டையில் நின்றது. சொன்னது உண்மை. வறுமைக்குச் சந்தனம் பூசும் பழக்கம் எனக்கு இருக்கிறது, எங்கள் தலைமுறைக்கே இருக்கிறது.

பிறகு கையைக் காட்டினார். வலது கையில் இரண்டு நகங்கள் தடித்து, மஞ்சள் பாரித்து, குறுக்கே வரியோடி இருந்தன. மற்றொன்று விழுந்து முளைத்தது, பாதிதான் வளர்ந்திருக்கிறது. முதுகில் மருந்துக் கலம், கையில் குழாய், காலில் ரப்பர்ச் செருப்பு. கலம் ஒழுகினால் முதுகு வெந்துபோகும். சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வரும். நீலப்பச்சை நிறத்தில் இருக்கும் அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். நாட்டில் அதை நிறுத்தப்போவதாக 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் மீண்டும் அனுமதித்தார்கள், முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. நடுவில் கழிந்த ஆண்டுகள் இவரைப் போன்ற பெண்களின் நுரையீரலிலும் தோலிலும் போயின.

"காலையில் நிரைக்குள் இறங்கும்போது மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடிப்பேன். வேறு என்ன செய்வது? வயிறு இருக்கிறதே" என்றார். சின்னம்மா பேசாமல் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மண்ணிடம் மன்னிப்புக் கேட்பது யாருக்கு எவ்வளவு கடினம் என்று வழியெல்லாம் யோசித்தேன். மருந்து அடித்த அந்தம்மாளுக்கு வேறு வழி இல்லை, ஆகவே அவருடைய கும்பிடு மெய்யானது. வழி இருக்கிற நாம் கும்பிட்டுவிட்டு அடிப்பதுதான் கணக்கில் உதைக்கிறது.

மதியம் கடல் வற்றும் நேரம் பார்த்து சுங்கை செனாமுக்குப் போனோம். கரையோர மீனவர்களின் நலச் சங்கம் 1997 முதல் சதுப்பில் அலையாத்தி மரங்கள் நட்டு வருகிறது. இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அந்த வேர்க்கூட்டம்தான். காடு அழிந்தால் வலை காலி, அவ்வளவு எளிய பொருளாதாரம். 2004 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அதற்குப் பிறகு இந்த மரங்களின் பேச்சுக்கு மரியாதை கூடியது.

எங்களைக் கூட்டிப்போன மலாய்ப் பெரியவர் கையில் ஒரு கட்டு நாற்றுகள் வைத்திருந்தார். நாற்று என்பதைவிட முளைவிட்ட விதை என்று சொல்லலாம். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கி, பழுத்ததும் செங்குத்தாகச் சேற்றில் விழுந்து நிற்கும். மேல் நுனியில் கூம்பாக ஒரு மொட்டு. அதிலிருந்துதான் முதல் இரண்டு இலைகள் வரும். கீழ் நுனி பழுப்பு, கூர்மை. தலைகீழாக நட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்றில் ஒரு பங்குதான் சேற்றுக்குள் போக வேண்டும், சுற்றி மிதித்து இறுக்கக் கூடாது. பெரியவர் பிஸ்மில்லா சொல்லி முதலாவதை ஊன்றினார். மனிதன் பூமிக்குச் சொந்தக்காரன் அல்லன், காவல்காரன் என்பது அவர்கள் மார்க்கம். ஒருவர் நட்ட மரத்தில் பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமக் கணக்கில் சேரும் என்று நபிகள் நாயகம் சொல்லியிருப்பதாக மலாயில் விளக்கினார். நண்டு சேருமா என்று தம்பி கேட்டான். சேரும், நண்டைப் பிடிப்பவனும் சேருவான் என்றார்.

முழங்கால் வரை சேறு. சின்னம்மா கரையில் பாய் விரித்து உட்கார்ந்தபடி, நான் ஊன்றியது சாய்கிறது என்று அங்கிருந்தே கத்தினார்.

புதன், கிரீன் லேன்

பயனீட்டாளர் சங்கத்தின் அலுவலகம் மஸ்ஜித் நெகிரி சாலையில் இருக்கிறது. பழையவர்கள் அதை கிரீன் லேன் என்றுதான் சொல்வார்கள். 1969-இல் தொடங்கிய சங்கம். நெடுங்காலம் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ் முஸ்லிம். 2019 மே மாதம் மறைந்தார். சங்கத்தோடு சேர்ந்து இயங்கும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கு, சரவாக் காட்டு மக்களுக்காகப் போராடியதற்கு, 1988-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இத்ரிஸின் பேச்சை இளவயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எளிமையைக் கெஞ்சிக் கேட்க மாட்டார், அதட்டிக் கேட்பார்.

எனக்கு வேண்டியிருந்தது சித்தாந்தம் அல்ல, மக்கு உரம் செய்யும் முறை. தெரிந்துகொண்டதைச் சின்னம்மா வீட்டுக் கொல்லையில் மாலையே செய்து பார்த்தோம். பெரிய சாயவாளி ஒன்று, அடியிலும் பக்கவாட்டிலும் துளை. அடியில் தேங்காய் நார், தண்ணீர் தேங்காமல் இருக்க. நாரும் ஓடும் மட்க நாளாகும், ஆகவே அவை அடியிலேயே கிடக்கட்டும். மேலே காய்ந்த இலை ஒரு பங்கு, சமையல் கழிவும் பூவும் ஒரு பங்கு என்று அடுக்கு. தொடங்கிவைக்கப் புளித்த மோரும் வெல்லத் தண்ணீரும்.

பூவில்தான் மாட்டிக்கொண்டோம். கோயிலிலிருந்து வாங்கிவந்த மாலைகளை அப்படியே போட முடியவில்லை. வாழைநாரில் கட்டிய மாலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் நைலான் நூல், நடுநடுவே வெள்ளித்தாள் குஞ்சம். நூலை உருவி, குஞ்சத்தைப் பிய்த்து, சாமந்தியை உதிர்க்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சூ சி பாட்டியிடம் கற்ற பாடம் கை கொடுத்தது. அடுத்த முறை பூக்காரரிடம் நார் மாலை கேட்க வேண்டும், விலை கூடச் சொன்னாலும் சரி என்றார் சின்னம்மா. பேரம் பேசாமல் அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

களைக்கொல்லிப் புட்டியை அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வாளியை மூடும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, நாற்றம் வருமா என்று மலாயில் விசாரித்தார். வராது, வந்தால் முதல் கத்திரிக்காய் உங்களுக்கு என்றார் சின்னம்மா. கத்திரிக்காய் வேண்டாம், மிளகாய் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நாளைக் காலை விதை வாங்கப் போகிறோம். எனக்கு ரயில் மதியம்தான்.